பாண்டாஸில் எல்லா வரிகளையும் பார்க்க, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அமைப்பை மாற்றுங்கள்

பாண்டாஸில் (பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம்) அட்டவணையின் நடு வரிகள் மூன்று புள்ளிகளாகச் சுருங்கி வந்தால் 'செட்_ஆப்ஷன்' போடாதீர்கள். 'ஆப்ஷன்_கான்டெக்ஸ்ட்' என்பதை 'வித்' தொகுதியாக எழுதி, அதற்குள் 'டிஸ்ப்ளே.மேக்ஸ்_ரோஸ்' மதிப்பை 'நன்' (None, அதாவது வரம்பே இல்லை) என்று கொடுத்து பிரிண்ட் செய்யுங்கள்.

இயல்பான வரம்பு 60 வரிகள். 'செட்_ஆப்ஷன்' மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுக்க அது மாறிவிடும். நோட்புக்கில் பத்து செல் (நிரலை எழுதும் பெட்டி) தள்ளி வேறொரு பெரிய அட்டவணையைத் திறக்கும்போது அத்தனை வரிகளும் கொட்டி பிரவுசர் திணறும். 'வித்' தொகுதியோ முடிந்தவுடன் பழைய மதிப்பைத் தானே திருப்பி வைத்துவிடும், நடுவில் பிழை வந்து நின்றாலும் சரி.

ஆப்ஷனின் பெயரை மட்டும் முழுசாக எழுதுங்கள். முன்பு வெறும் 'மேக்ஸ்_ரோஸ்' என்றாலே போதும். பாண்டாஸ் 1.4 பதிப்பில் ஸ்டைலருக்கும் (அட்டவணையை அழகுபடுத்திக் காட்டும் பகுதி) அதே சொல்லில் முடியும் பெயருள்ள ஆப்ஷன் வந்துவிட்டதால், இப்போது அந்தச் சுருக்கப் பெயர் பிழையில்தான் முடியும். நன்றாக ஓடிய பழைய நோட்புக் திடீரென்று நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜூபிட்டர் நோட்புக்கில் 'வித்' தொகுதியின் கடைசி வரியில் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதினால் எதுவும் தெரியாது. 'டிஸ்ப்ளே' அல்லது 'பிரிண்ட்' அழைப்பு உள்ளேயே இருக்க வேண்டும். நோட்புக் முழுக்க ஒரே அமைப்பு தேவை என்றால் இந்த வழி வேண்டாம், முதல் செல்லில் 'செட்_ஆப்ஷன்' போடுவதே சரி. அப்புறம், லட்சக்கணக்கில் வரிகள் இருந்தால் 'நன்' வேண்டவே வேண்டாம், 200 மாதிரி ஓர் எண்ணைக் கொடுங்கள். ஆனால் அட்டவணை அந்த எண்ணைத் தாண்டினால் 10 வரிதான் காட்டும், அதனால் அந்த 10-ஐத் தீர்மானிக்கும் 'டிஸ்ப்ளே.மின்_ரோஸ்' மதிப்பையும் கூடவே 200 ஆக்கிவிடுங்கள்.