விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: எங்கே தவறுகிறோம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, "லினக்ஸ் போடலாம் என்றிருக்கிறேன், எதைப் போடுவது?" என்ற கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்; உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று அதில் பல வகை. கேட்பவர்களில் பலருக்கு விண்டோஸை விட முடியாது. கணக்கு எழுதும் டாலி அதில்தான் ஓடுகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் எந்த லினக்ஸ் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், நிறுவுகிற அரை மணி நேரத்தில் அவசரப்பட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த சேதமெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் நடந்ததுதான்.

முதலில் தேர்வு. ஹேக்கிங் வீடியோ பார்த்த சூட்டோடு காலி லினக்ஸைத் தரவிறக்கிக்கொண்டு வரும் கல்லூரி மாணவர்கள் எப்போதும் உண்டு. அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களின் கருவிப்பெட்டி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன. தமிழில் அந்தப் பெயர் தரும் பொருளையாவது யோசிக்கக் கூடாதா! ஆர்ச் லினக்ஸ் கற்றுக்கொள்ள அருமையானது. திங்கட்கிழமை காலை அசைன்மென்ட் அனுப்ப வேண்டியவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

இதைவிட நுட்பமான தவறு, எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பது. உபுண்டுவின் பதிப்பு எண் என்பது ஆண்டும் மாதமும்தான்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். 25.10-ஐப் பார்த்துவிட்டு 24.04 பழசு என்று ஒதுக்குகிறவர், ஓராண்டு முடிவதற்குள் இயங்குதளத்தையே மாற்றி ஏற்றும் வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறார். ஃபெடோரா எனக்குப் பிடித்தமானது, ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். முதல் லினக்ஸுக்கு அந்த ஓட்டம் தேவையில்லை.

என்னைக் கேட்டால் லினக்ஸ் மின்ட். உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டப்பட்டது. மெனு இடது கீழ்மூலையில் இருக்கிறது. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. ரேம் 4 ஜிபிதான் என்றால் மின்டின் வழக்கமான சின்னமன் பதிப்பை விட்டு, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். கொஞ்சம் பகட்டு வேண்டுமென்றால் சோரின் என்ற இன்னொரு லினக்ஸ். அதற்கு மேலும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் ஜவுளிக்கடையில் நூறு புடவையைப் பிரித்துப் போட்ட கதைதான்.

எடுத்ததைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியைச் சாய்த்துத் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் முதலில் வைஃபை வராமல் போவது சகஜம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி இணையம் கொடுத்து, டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். தமிழ்99-இல் தட்டுகிறவர்கள் அந்த விசைப்பலகையையும் அங்கேயே சேர்த்து இரண்டு வரி எழுதிப் பார்த்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கே ஒரு முன்சோதனை உண்டு என்பதை நான் சூடுபட்டுத்தான் கற்றேன். உறவுக்காரப் பெண்ணின் லேப்டாப். பென் டிரைவிலிருந்து துவக்குவதற்காக, தேவையே இல்லாமல், பயாஸில் (கணினி துவங்கும் முன் வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் காவலை, அணைத்தேன். மின்ட் அழகாக ஓடியது. லினக்ஸை இன்னும் நிறுவவில்லை. இடம் ஒதுக்கலாம் என்று விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத் திரை: 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கொடு என்கிறது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் வட்டு தானாகவே, விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். துவக்க அமைப்பு மாறினால் அது சந்தேகப்படும். குறியீடு மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ, லேப்டாப்பை விற்ற கடைக்காரர் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுத்தது! ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. கடைசியில் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கியதும் விண்டோஸ் திறந்துகொண்டது. அதற்குள் அந்தப் பெண் அழுதுவிட்டாள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் இயங்கும்போதே துவங்கும். அதைத் தொடாதீர்கள். தொடுவதானால் குறியீட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு தொடுங்கள்.

இனி வட்டு. முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்த பிறகே இங்கே கை வைக்க வேண்டும். சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. 50 ஜிபியாவது விடுங்கள், விட்டதை அப்படியே விட்டுவிடுங்கள். பலர் அந்தக் காலி இடத்தை அக்கறையாக இ டிரைவ் என்று ஃபார்மேட் செய்து வைக்கிறார்கள். பிறகு நிறுவிக்கு இடம் தெரிவதில்லை. நிறுவி முக்கியமாக இரண்டு வழிகளைக் காட்டும்: விண்டோஸோடு சேர்த்து நிறுவுவது, வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவது. சேர்த்து நிறுவும் வழி திரையில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிட்லாக்கர் வட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். பயாஸில் வட்டு இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் இருந்து, நிறுவியின் கண்ணில் படாமல் போயிருக்கலாம். "இது ஒன்றுதானே இருக்கிறது" என்று மற்றதை அழுத்தியவரின் கல்யாண ஆல்பத்தை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

நிறுவிய பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் கலங்க வேண்டாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று வாசிக்கிறது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. பேட்டரி போய்விட்டது என்று கடைக்குப் போய் மாற்றி வந்தவரை எனக்குத் தெரியும். மறுநாள் காலையும் அதே ஐந்தரை மணி நேரம்.