ஆயுளை எண்ணி உணவைக் குறைப்போருக்கு: ஒருபொழுது முதல் எண்ணெய்க் கணக்கு வரை

கொங்கு நாட்டில் விரதம் புதிய செய்தி அன்று. அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் ஒருபொழுது இருப்பவர்கள் பல வீடுகளில் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர்களும் நாள் கணக்கில் நோன்பு நோற்கிறார்கள். இப்போது அதே விரதத்தை, சாமிக்காக அன்றி நீண்ட ஆயுளுக்காகக் கடைப்பிடிப்பவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெருகி வருகிறார்கள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு மிகையானது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் பயன் பெறலாம்.

1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவர், சத்துக் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததைக் காட்டினார். 1980களின் இறுதியில் ரீசஸ் குரங்குகளை வைத்து இரண்டு நீண்ட ஆய்வுகள் அமெரிக்காவில் தொடங்கின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குறைவாக உண்ட குரங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. இரண்டு இடத்திலும் தீவனம் ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் சர்க்கரை மிகுந்த தீவனத்தை வேண்டிய மட்டும் தின்றன. மற்ற இடத்தில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் ஓரளவு அளவோடுதான் தீவனம் கிடைத்தது. ஆகவே, அளவின்றி இனிப்பும் எண்ணெயும் உண்பவருக்குக் குறைப்பதால் பெரும் பயன் உண்டு என்றும், ஏற்கெனவே அளவோடு நல்ல உணவு உண்பவருக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது என்றும் நான் புரிந்துகொள்கிறேன்.

மனிதர்களின் ஆயுள் இதனால் நீள்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. கேலரி (CALERIE) என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், உடல் பருமன் இல்லாத 218 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டுகள் உணவைக் குறைத்துக்கொண்டனர். 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது திட்டம். சராசரியாக அவர்களால் குறைக்க முடிந்தது சுமார் 12 விழுக்காடுதான். அந்த அளவிலேயே இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கூடவே எலும்பின் அடர்த்தியும் தசையும் ஓரளவு குறைந்தன. பயனையும் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒரு பங்கு குறைத்து, எலும்பையும் தசையையும் காத்துக்கொள்வதே நமக்கு ஏற்ற இலக்கு.

யார் இதில் இறங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், தளர்ந்து தசை வற்றிய முதியவர்கள், உணவை வெறுத்து ஒதுக்கும் மனநோய் உள்ளவர்கள் ஆகியோர் உணவைக் குறைக்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரை உண்பவர்களும் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றித் தராமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு அமாவாசை விரதம் இருப்பவருக்கு, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து பதினோரு மணி வாக்கில் கை நடுங்கலாம், நெற்றியும் பிடரியும் குளிர்ந்து வியர்க்கலாம், கேட்ட கேள்விக்குப் பதில் குழறலாம். அப்போது விரதத்தைப் பார்க்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, கால் மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை உண்பவர்கள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு.

மற்றவர்கள் சோற்றுத் தட்டில் கை வைப்பதற்கு முன் எண்ணெய்க் கணக்கைப் பார்க்க வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் கடலை எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அதிலிருந்து மட்டும் சுமார் 270 கலோரி. செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பதால் கலோரி குறைந்துவிடாது. மாதச் செலவை இரண்டரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் ஆளுக்கு நூறு கலோரி குறையும். மூன்று வேளை டீயில் இரண்டிரண்டு கரண்டி போடும் சர்க்கரையை நிறுத்தினால் இன்னும் 120 கலோரி குறையும். நாட்டுச் சர்க்கரைக்கும் இதே கணக்குத்தான். ஆக, நாளுக்கு 2000 கலோரி உண்பவர் ஒரு பிடி சோறும் குறைக்காமல் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம். மாலையில் பேக்கரியில் டீயோடு தின்னும் தேங்காய் பன்னும் பப்ஸும் இந்தக் கணக்கில் வராதவை. அவற்றை விட்டால் அதுவும் லாபமே.

குறைக்கும்போது புரதத்தைக் குறைக்கக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரை தேவை, வயது முதிர்ந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவை. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. கொள்ளை இரவே ஊற வைத்து, குழைய வேக விட்டு, வடித்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் சேர்த்து மத்தால் கடைந்தால் எண்ணெய் அதிகம் கேட்காத கொள்ளுப் பருப்பு கிடைக்கும். அத்துடன் இரண்டு முட்டை, அரை லிட்டர் பாலோ தயிரோ, ஒரு வேளை பச்சைப்பயறு என்று சேர்த்தால் தேவை நிறையும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள ராகிக் களி நல்லது. இத்துடன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தோட்டத்தில் தண்ணீர்க் குடமும் மண்வெட்டியும் தூக்குகிறவருக்கு அது தனியாகத் தேவைப்படாது.

நேரத்தைப் பொறுத்தவரை, இரவு ஏழு மணிக்கு உண்டு முடித்து, காலை ஏழு மணிக்கு உண்பது பெரும்பாலோருக்குப் போதும். சீனாவில் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், கலோரியை மட்டும் குறைத்தவர்களோடு ஒப்பிட்டால், அதே அளவு குறைத்துக் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் உண்டவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடுதலாகக் குறையவில்லை. உண்ணாமல் பதினாறு மணி நேரம் ஆனதும் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்யத் தொடங்கும் என்று சொல்கிறார்கள். 2016இல் நோபல் பரிசு பெற்ற ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமி இந்தச் செயலின் அடிப்படைகளை ஈஸ்ட்டில் கண்டறிந்தார். மனித உடலில் அது இத்தனையாவது மணியில் தொடங்கும் என்ற எல்லை நிறுவப்படவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் கடிகாரத்தைப் பிடித்துத் தொங்காமல், நடுச்சாமத்துப் பரோட்டாவை விட்டாலே போதும்.

ஒருபொழுது இருப்பவர்கள் மதிய உணவில் கீரையும் பருப்பும் தயிரும் நிறைய வைத்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்கச் சேர்த்த சிக்கனத்தை இரவுப் பலகாரம் என்ற பெயரில் நெய் தோசையும் வடையும் பாயசமும் விழுங்கிவிடும் வீடுகள் பல. இரவில் இரண்டு இட்டிலியோ ஒரு டம்ளர் கம்மங்கூழும் மோரும் போதும். தண்ணீரும் குடிக்காத விரதத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அதிலும் பங்குனி வெயிலில் பண்ணாரிக்கு நடக்கிறவர்களுக்கு உப்பிட்ட மோர் கட்டாயம் வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே இலை நிறையச் சோறு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகைய நோன்பு மருத்துவரின் கண்காணிப்பிலேயே நடக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது, எப்போதும் குளிர்வது ஆகியவை குறைத்தது அதிகமாகிவிட்டது என்பதற்கான அறிகுறிகள். கேலரி ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் உடல் நிறை எண் (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 22க்கும் 28க்கும் இடைப்பட்டது; 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 22 என்பது சுமார் 60 கிலோ. எடை அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் குறைப்பதை நிறுத்தி, எண்ணெயையும் சர்க்கரையையும் திரும்பச் சேர்க்காமல், ஒரு கைப்பிடி நிலக்கடலையும் இன்னொரு கிண்ணம் பருப்பும் தயிரும் கூட்டி, எடை நிலைகொள்ளும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும்.