நாக்கின் மேல் பழி: சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாக்கைக் கட்டத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டால் நம் கன்னியாகுமரிப் பக்கத்தில் ஒருவருடைய சாப்பாட்டைப் பற்றிய விசாரணை முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்காரருக்கும் அந்தத் தீர்ப்புதான், பாகற்காயைத் துப்பும் பிள்ளைக்கும் அதே தீர்ப்புதான். உண்மையில் இந்த விஷயத்தில் நாக்குக்கு இருப்பது ஒரே ஒரு ஓட்டு. உணவைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களை அளக்க ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் சக ஆய்வாளர்களும் 1995-இல் உருவாக்கிய கேள்வித்தாளில் ஒன்பது காரணங்கள் இருக்கின்றன. ருசி அதில் ஒன்று. உடல்நலம், மனநிலை, சமைக்கும் வசதி, விலை, எடை, பழகிய பண்டம் என்பது, இயற்கையானது என்ற எண்ணம், அறம் ஆகியவை மற்றவை.

நாம் செய்யும் பெரிய தவறு, எடுத்துச் சொன்னால் மாறிவிடுவார்கள் என்று நம்புவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். நல்ல இறைச்சி படைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடுகளில் மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வைக்க வேண்டும். சில குழுப் பெண்களுக்குச் சத்து, சிக்கனம், சமையல் குறிப்பு எல்லாம் சேர்த்து நல்ல சொற்பொழிவு ஆற்றினார்கள். வேறு சில குழுக்களைத் தங்களுக்குள் பேசவிட்டு, கடைசியில் யாரெல்லாம் சமைத்துப் பார்ப்பீர்கள் என்று கை தூக்கச் சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் புதிதாக ஒன்றைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். பேசிய குழுவினரிடம் பிறகு வந்து விசாரிப்போம் என்றும் சொல்லியிருந்ததால் பேச்சுக்கே முழுப் பெருமையும் சேராது. ஆனாலும் உபதேசத்தின் வலிமை எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் எந்தப் பண்டம் வரும் என்பதை முடிவு செய்பவரே வாயிற்காவலர் என்பது லெவினின் இன்னொரு கருத்து. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் உணவுப் பட்டியலை அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுப்படியில் நிற்கும் அம்மையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

அதே போர்க் காலத்தில் நம் பக்கத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. அதற்குச் சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில்தானே இருந்தது. அரிசி இல்லாத வீடுகளின் அடுப்பில் மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கு ஏறியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிழங்கைப் பரப்ப விசாகம் திருநாள் மகாராஜா 1880-களிலேயே முனைந்திருந்தார். அதை அன்றாடச் சாப்பாடாக்கியதில் பஞ்சத்துக்குத்தான் பெரும் பங்கு. பசிக்காகத் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேங்காய் அரைத்துப் போட்டு மசித்த மரச்சீனியையும் சாளை மீன் குழம்பையும் "நம் மண்ணின் ருசி" என்கிறார்கள். தப்பே இல்லை, ருசி இப்படித்தான் உண்டாகிறது. ஆகவே "எனக்கு இது பிறவியிலேயே பிடிக்காது" என்று எந்தப் பண்டத்தைப் பற்றியும் அவசரமாகச் சத்தியம் செய்ய வேண்டாம்.

பிறவிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. சில கசப்புகளை உணர்வதில் ஆளுக்கு ஆள் பரம்பரையாகவே வேறுபாடு இருப்பது அதிலிருந்து தெரிய வந்தது. உங்கள் பிள்ளை பாகற்காயைத் துப்பும்போது அது அடம்பிடிக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் வாயில் தெரிகிற கசப்பும் அதன் வாயில் தெரிகிற கசப்பும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு "இவனுக்கு இது ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு புதுப் பண்டத்தை எத்தனை தடவை ருசித்தார்களோ அந்த அளவுக்கு அதன் மேல் விருப்பம் கூடியது. எட்டு, பத்து முறை ருசித்த பிறகே பல பண்டங்கள் பழக்கமாகின்றன. கிண்ணம் நிறைய வைக்கத் தேவையில்லை. சோற்றோரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு போதும். தின்றால் சரி, துப்பினாலும் சரி, நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

அடுத்தது லஞ்சம். "மக்களே, இந்தக் கீரையைத் தின்று முடி, ஏத்தங்காய் சிப்ஸ் தருகிறேன்." இதைச் சொல்லாத வீடு நாகர்கோவிலில் உண்டா? இந்தப் பேரத்திலிருந்து பிள்ளை தெரிந்துகொள்வது, கீரை கூலி கொடுத்துத் தின்ன வைக்கவேண்டிய அளவுக்கு மோசமான ஒன்று என்பதைத்தான். சிப்ஸோ பரிசாகி உயர்ந்துவிடுகிறது. பரிசுக்காகத் தின்ற பண்டத்தின் மேல் விருப்பம் குறைவதையும், பரிசாகக் கொடுத்த பண்டத்தின் மேல் விருப்பம் ஏறுவதையும் பர்ச்சின் ஆய்வுகள் காட்டின. சிப்ஸ் டப்பாவைப் பிள்ளையின் கண்ணெதிரே உயரமான அலமாரியில் ஏற்றிப் பூட்டுவதும் அதே வகைதான்; ஆசை இரட்டிப்பாகிறது. வாங்காமல் இருக்கலாம், அல்லது வாங்கிய அன்று எல்லாரும் பகிர்ந்து தின்று தீர்க்கலாம்.

பேச்சிப்பாறைக்குப் போகும் வளைவுப் பாதையில் பஸ் குலுக்கிக் குமட்டிய ஒரு பிள்ளை, அன்று காலையில் தின்ற முட்டையை அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தொடாது. முட்டை ஒரு பாவமும் அறியாது. தின்றதற்கும் குமட்டலுக்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி இருந்தாலும் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் என்பதை ஜான் கார்சியா எலிகளை வைத்து 1950-களிலும் 60-களிலும் நிறுவினார். இதை உடனே ஒவ்வாமை என்று சொல்லிவிடாதீர்கள். தடிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது வேறு விஷயம்.

பெரியவர்கள் செய்யும் தவறு வேறு. காலை எட்டு மணிக்கு வயிறு நிறைந்த நிலையில் "இனி எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டேன்" என்று முடிவெடுப்பார்கள். அந்த முடிவை மாலை ஐந்தரைக்கு, வடசேரி பஸ் நிலையத்துப் பக்கம், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி சூடாக இருக்கும்போது, பசித்த இன்னொரு ஆள் நிறைவேற்ற வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அலுவலக ஊழியர்களிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 1998-இல் வெளியானது. பழம் என்று சொன்னவர்களில் பலர் அந்த நேரம் வந்ததும் மாறிவிட்டார்கள். மனவுறுதியை நம்புவதைவிடப் பையில் இரண்டு மட்டி வாழைப்பழம் போட்டுக்கொள்வது நல்லது. நான்கரைக்கே தின்றுவிட்டால் ஐந்தரைக்கு வருகிற ஆளுக்கு அவ்வளவு பசி இருக்காது.

கருப்பட்டி நல்லது, எவ்வளவு சேர்த்தாலும் கேடில்லை என்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். நல்லது என்று பெயரெடுத்த பண்டத்தை அளவில்லாமல் ஊற்றிக்கொள்வது, கெட்டது என்று பெயரெடுத்ததை அளவோடு தின்பதைவிட மோசம்.

புள்ளிவிவரத்தோடு வரும் வாட்ஸ்ஆப் குறிப்புகளிலும் கவனம் தேவை. தட்டின் அளவு, பாத்திரம், கண்ணில் படும் இடம் ஆகியவற்றைப் பற்றிப் பரவிய குறிப்புகள் பலவற்றுக்கு மூலவரான பிரையன் வான்சிங்க் ஆய்வு முறைகேடு செய்ததாக கார்னெல் பல்கலைக்கழகம் 2018-இல் அறிவித்தது. அவருடைய பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சின்னத் தட்டில் சாப்பிட்டால் கேடு ஒன்றுமில்லை, அதிசயத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கல்யாணச் சாப்பாட்டில் நடப்பதையும் பேராசை என்று திட்டிக்கொள்ள வேண்டாம். சாம்பார், புளிசேரி, அவியல், எரிசேரி எல்லாம் போய், இனி ஒரு பருக்கை இறங்காது என்றவர், அடைப் பிரதமன் என்ற பாயசம் வந்ததும் பப்படத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைந்து இலையை வழிப்பார். தின்ற ருசியின் மேல்தான் அலுப்பு வரும், தின்னாத ருசியின் மேல் வராது. 1981-இல் பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதனையில் காட்டினார்கள். பந்தியில் அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வீட்டில்தான் கணக்கு தலைகீழாக இருக்கிறது. முறுக்கு, மிக்ஸர், சிப்ஸ், அச்சப்பம் என்று டப்பாக்கள் நாலு வகை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கூட்டு ஒன்றே ஒன்று. நொறுக்குத்தீனியில் ஒரு வகை, காய்கறியில் மூன்று வகை என்று மாற்றி வைத்தால் அதே அலுப்பு நமக்காக வேலை செய்யும்.