வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ்: சுழல் விளக்கை எப்போது அணைப்பது, எப்போது எரியவிடுவது

சைரனையும் சுழல் விளக்கையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக அணைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். இரண்டும் செய்யும் வேலை வேறு. விளக்கே கூட, ஓடும்போது ஒன்றைச் சொல்கிறது, நின்றபின் இன்னொன்றைச் சொல்கிறது. ஓடும்போது "வழி விடு". நின்றபின் "இங்கே தடை இருக்கிறது, பார்த்துப் போ". அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளுக்கான தரவிதி இவற்றை இரண்டு தனி நிலைகளாகவே வைத்திருக்கிறது. அங்கே பார்க்கிங் பிரேக் போட்டதும் வெள்ளை ஃபிளாஷ் தானாக அணைந்துவிடும். தானாக மாறாத வண்டியில் அதைப் பைலட்டின், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநரின், கைதான் செய்ய வேண்டும்.

ஆகவே நின்றபின் விளக்கு வேண்டுமா என்பதை நோயின் தீவிரத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், வண்டி நிற்கும் இடத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். மாரடைப்புக்கே போயிருந்தாலும் வண்டி காம்பவுண்டுக்குள் நின்றால் விளக்குக்கு அங்கே வேலையில்லை. சாதாரணக் காய்ச்சலுக்குப் போயிருந்தாலும், பஸ் ஓடும் ரோட்டில் பாதி அகலத்தை மறித்து நின்றால் எரிந்தே ஆக வேண்டும்.

தெருவுக்குள் நுழையும் முன்

ஐந்து நிமிடம் முன்னதாகவே வீட்டுக்காரரை அழைத்துப் பேச வேண்டும். பேச வேண்டியவர் இ.எம்.டி. (வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்), பைலட் அல்ல. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வாசல் லைட்டைப் போடுங்க. தெருமுனையில ஒருத்தர் மொபைல் டார்ச்சோட நிக்கட்டும். கேட்டைத் திறந்து வச்சு, குறுக்க இருக்கிற பைக்கை எடுத்துடுங்க. நாய் இருந்தா கட்டிப்போடுங்க." தெருவுக்குள் சைரன் மிச்சப்படுத்தும் நேரத்தைவிட இந்த நாலு வாக்கியம் மிச்சப்படுத்தும் நேரம் அதிகம்.

முன்னால் வண்டி ஏதும் மறிக்கவில்லை என்றால் தெருமுனையிலேயே சைரனை நிறுத்துங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிகளில் ஹார்ன் அடிக்க ஒலி மாசு விதிகளில் தடை உண்டு. பொது அவசரத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் காலியான தெருவில் அந்த விலக்கைப் பயன்படுத்திக் கிடைப்பது ஒன்றுமில்லை. விளக்கு மட்டும் வாசல் வரை எரியட்டும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். நாம் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கையில், மாடியில் நிற்பவர் நம் விளக்கைப் பார்த்துக் கைகாட்டிவிடுவார்.

நிறுத்தும் முறை

முட்டுச் சந்து என்றால், இ.எம்.டி. இறங்கிப் பின்னால் நின்று கைகாட்ட, ரிவர்ஸில் உள்ளே போங்கள். நோயாளி ஏறியபின் திருப்ப இடம் தேடக் கூடாது. பின்கதவுக்கு அப்பால் பத்தடி காலியாக இருக்கட்டும். ஸ்ட்ரெச்சரே ஆறரை அடி, அதற்குப் பின்னால் ஆள் நிற்க வேண்டும். சாக்கடை மேல் போட்ட சிலாப் மீது சக்கரத்தை ஏற்றாதீர்கள். பைக் தாங்கும் சிலாப் ஃபோர்ஸ் டிராவலர் போன்ற ஆம்புலன்ஸ் வேனைத் தாங்காது. தாழத் தொங்கும் கேபிள் கூரை மேலுள்ள லைட் பாரில் (சுழல் விளக்குப் பட்டையில்) மாட்டுகிறதா என்று மேலேயும் ஒருமுறை பாருங்கள்.

நின்றதும் கை போக வேண்டிய வரிசை: ஹேண்ட் பிரேக், அடுத்து ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங் லைட், அடுத்து நான்கு இண்டிகேட்டரும். லைட் பாரை அணைப்பதா என்பது கடைசியில். ஹை பீம் எரியும்படி விட்டு இறங்குவது எல்லாவற்றையும்விட மோசமான தவறு. எதிரே பைக்கில் வருபவருக்கு வண்டிக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிறவர் தெரியவே மாட்டார்.

நான்கு இண்டிகேட்டர் போதுமா என்பதை இறங்கிப் பின்னால் பத்து எட்டு எடுத்து வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்தில் நிற்கும் கார் ஒரு மூலையை மறைத்தால், மிச்சம் தெரியும் ஒரு விளக்கு வெறும் இண்டிகேட்டர் போலத் தோன்றும். வண்டி கிளம்புகிறது என்று நினைத்துப் பின்னால் வருபவர் மறுபக்கமாக வேகமெடுப்பார். அப்படி மறைந்தால் லைட் பார் எரியட்டும்.

எரியவிட வேண்டிய மற்ற இடங்கள்: வளைவு, மேடேறி இறங்கும் இடம், தெருவிளக்கு இல்லாத ஊர், மின்வெட்டு, மழை, மூடுபனி, ஸ்ட்ரெச்சர் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டிய நிலை. பின்பக்க விளக்குக்குத் தனி சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் எரியவிடுங்கள். பிரதிபலிப்பு முக்கோணத்தை முப்பது எட்டு நடந்து பின்னால் வையுங்கள். வளைவு என்றால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும், தாண்டி வைத்தால் பயனில்லை.

மற்ற இடங்களில் ஏன் அணைக்க வேண்டும்

முதல் காரணம் நம் கண். பகலில் மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளம் அருகே, பச்சை மஞ்சளில் உச்சத்தில் இருக்கும். இருட்டில் அது 507க்கு, நீலப்பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். அதனால்தான் பகலில் மங்கலாகத் தெரியும் நீல எல்.இ.டி., இரவில் கண்ணைக் குத்துகிறது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்போது இன்னும் மோசம். இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும், அந்தப் பழக்கத்தை ஒரு ஃபிளாஷ் கெடுத்துவிடும். விட்டுவிட்டு எரியும் வெளிச்சத்தில் படியின் விளிம்பு நகர்வதுபோல் தெரியும். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி இறங்குபவருக்கு அது ஆபத்து.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது: நோயாளியின் நிறம். நீல விளக்கு படும்போது எல்லோருடைய உதடும் நீலம் பாரித்ததுபோல் இருக்கும். சிவப்பு படும்போது வெளிறிய முகமும் நல்ல நிறமாகத் தோன்றும், தோலில் படிந்த ரத்தமும் கண்ணுக்குப் படாது. நீல வெளிச்சத்தில் நரம்பு தெரிவதும் ஊசி போடுவதும் கடினம். உதடு, நகக்கண், கண்ணின் கீழிமை இவற்றை வீட்டு டியூப்லைட்டிலோ, பின்கதவைச் சாத்தி வண்டிக்குள் வெள்ளை விளக்கிலோ பாருங்கள். வாசலில் பார்த்து "சயனோசிஸ்" (ஆக்சிஜன் குறைவால் நீலம் பாரித்தல்) என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது, சில நோயாளிகள். வலிப்புள்ளவர்களில் வெளிச்சத்தால் தூண்டப்படுபவர்கள் சிறு பகுதிதான். எச்சரிக்கை விளக்குகள் பொதுவாக வினாடிக்கு நாலு முறைக்குள் மின்னும்படி வைக்கப்பட்டவை, வலிப்பைத் தூண்டும் வேகம் வினாடிக்கு 15–20 அருகே. ஆனால் பல விளக்குகள் வெவ்வேறு தாளத்தில் மின்னிச் சுவரிலும் கண்ணாடியிலும் எதிரொளித்தால் கண்ணுக்குப் படும் வேகம் கூடும். வலிப்பு, ரத்தக் கொதிப்போடு வரும் கர்ப்பிணி, ஒற்றைத் தலைவலி, மனக்கொந்தளிப்பில் இருப்பவர் என்றால், இடம் பாதுகாப்பாக இருக்கும்போது ஒரு ஃபிளாஷ்கூட வேண்டாம். ரோடு மறிபடுகிறது, அணைக்கவும் முடியாது என்றால், ஏற்றும்போது முகத்துக்கு நேரே ஒரு துணியைத் தடுப்பாகப் பிடியுங்கள்.

கூட்டமும் இருக்கிறது. சுழலும் விளக்கு தெரு முழுவதையும் வாசலுக்கு அழைத்து வரும். தற்கொலை முயற்சி, வீட்டுக்குள் நடந்த அடிதடி, பிரசவம், இவற்றில் எதுவும் தெருவுக்குத் தெரிய வேண்டியதல்ல. அந்தக் குடும்பம் நாளைக்கும் அதே தெருவில்தான் வாழ வேண்டும்.

பேட்டரியும் புகையும்

எல்.இ.டி. லைட் பார் தனியாகப் பேட்டரியைத் தீர்த்துவிடாது. பழைய ஹாலோஜன் சுழல் விளக்கு 55 வாட் வீதம் இரண்டு என்றால், 12 வோல்டில் 9 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு அதோடு ஏ.சி. ஃபேன், இன்வெர்ட்டரில் சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி), மானிட்டர் எல்லாம் ஓடினால்தான் சிக்கல். எஞ்சின் அணைந்த நிலையில், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் செல்ஃப் எடுக்காமல் போகலாம், உடனே ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சினை ஓடவிடுவதாக இருந்தால் பின்கதவைத் திறந்தே வைக்காதீர்கள். குறுகிய சந்தில் புகை கேபினுக்குள்தான் சுற்றி வரும்.

கிளம்பும்போது

கதவு பூட்டியதும் விளக்கு, நகர்ந்து தெருமுனை வந்தபின் சைரன். நெஞ்சுவலிக்காரரை ஏற்றிய நிமிடமே காதருகே சைரனை அலறவிட்டால் அவருடைய நாடித் துடிப்புதான் கூடும். மெயின் ரோட்டில் வழி கொடுக்காதவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194E பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆனால் எதிரே வருபவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்பதற்கு அந்தச் சட்டம் உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் வேகத்தைக் குறையுங்கள்.

கூட ஏறாத உறவினர் பைக்கில் நம் விளக்கைப் பின்பற்றி சிக்னல் தாண்டி வருவார். சிக்னலைத் தாண்ட நமக்குள்ள விலக்கு அவருக்குக் கிடையாது, பக்கவாட்டில் வரும் லாரிக்கு அவர் வருவதும் தெரியாது. கதவை மூடும் முன் அவரிடம் மருத்துவமனை பெயரைச் சொல்லுங்கள். "எங்க பின்னாலேயே வராதீங்க. அடுப்பை அணைச்சு, வீட்டைப் பூட்டி, காப்பீட்டு அட்டையும் பழைய மருந்துச் சீட்டும் எடுத்துக்கிட்டு நிதானமா வாங்க."