பின்சைட்டைத் தட்டாதீர்கள்: தற்காப்புக் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், டெக்சாஸில் நான் வழக்கமாகச் செல்லும் சுடுதளத்தில் புதியவர்களுக்கான பயிற்சி நாள் நடந்தது. அங்கே ஓர் இளைஞர் தம் கைத்துப்பாக்கியின் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, கழற்றி, ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, பையிலிருந்து சிறு சுத்தியலையும் பித்தளைத் துண்டையும் எடுத்து, பின்சைட்டை, அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்க அமைப்பை, வலப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினார். அவர் சுட்ட அட்டையைப் பார்த்தேன். ஏழு கஜத்திலிருந்து சுட்ட பத்துக் குண்டுகளும் நடுவட்டத்துக்குக் கீழே, இடப்பக்கமாக, ஈ மொய்த்ததுபோல் ஓரிடத்தில் கூடியிருந்தன. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் அட்டையும் அச்சாக இப்படித்தான் இருந்தது. நானும் அன்று சுத்தியலைத்தான் தேடினேன்.

சர்வதேசத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கத்தின் பெயரால் ஐ.டி.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் போட்டி 1996-இல் அமெரிக்காவில் தொடங்கியது. மேல்சட்டைக்குள் மறைத்து வைத்த கைத்துப்பாக்கியை எடுத்து, மறைவிடங்களின் பின்னால் நின்றும் நகர்ந்தும், அட்டை இலக்குகளைச் சுட வேண்டும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 18 குண்டுகள். எடுத்துக்கொண்ட நேரத்தோடு, நடுவட்டத்தை விட்டு விலகி இழந்த புள்ளிகளும் விநாடிகளாகச் சேரும். குறைந்த விநாடியில் முடித்தவர் வெல்வார்.

குழாய்முனை எந்தத் திசையில் இருக்க வேண்டும், விரல் எப்போது ட்ரிக்கருக்குள் போகலாம் என்பதையெல்லாம் முதல் நாளே பாதுகாப்பு அலுவலர் சொல்லிவிடுவார். மீறினால் அன்றே வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். ஆகவே அவற்றை இங்கே விரித்து எழுதவில்லை. யாரும் தடுக்காமல், மாதக்கணக்கில் நம்மோடு வளரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

சட்டம்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, குற்றமாகும். நண்பருடையது என்று சொல்லித் தப்ப முடியாது. க்ரீன் கார்டு வரும்வரை நான் காத்திருந்தேன்.

அட்டையில் தெரியும் பிழைக்குப் பின்சைட்டைத் திருத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் .22 ரைபிளைப் படுத்துக்கொண்டு சுட்டதுதான் என் முன்அனுபவம். குரூப், அதாவது குண்டுகள் கூடி விழும் இடம், ஓரமாக விழுந்தால் சைட்டைத் திருத்த வேண்டும் என்று அங்கே கேட்டது மனத்தில் ஆணி அடித்ததுபோல் இருந்தது. தோளில் ஊன்றி, தரையில் முழங்கை பதித்து, உதைப்பே இல்லாத சிறு தோட்டாவைச் சுடும்போது அந்த அறிவுரை சரியானது. நின்றுகொண்டு இரு கைகளால் பிடித்துச் சுடும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு அதை அப்படியே கொண்டுவந்ததுதான் கோளாறு. இந்தத் துப்பாக்கி தோட்டா நிரப்பிய நிலையிலும் ஏறத்தாழ ஒரு கிலோதான் இருக்கும். அதன் ட்ரிக்கரை இழுக்கவோ ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இழுவிசை தேவைப்படுகிறது. வெடிச்சத்தமும் உதைப்பும் வரப்போவதை மூளை முன்கூட்டியே அறிந்துவிடுவதால், சுட்டுவிரல் மட்டும் அசைய வேண்டிய நேரத்தில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, மணிக்கட்டு முன்னோக்கிக் குனிகிறது. குண்டு வெளியேறும் முன்பே குழாய்முனை தாழ்ந்துவிடுகிறது. வலக்கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் கீழே இடப்பக்கமும், இடக்கைக்காரருக்குக் கீழே வலப்பக்கமும் விழுவதற்கு இதுவே காரணம்.

எனக்கு இது தெரியாது. யாராவது சொன்னாலும் கேட்டிருப்பேனா என்பதும் ஐயமே. முதலில் தோட்டாவைக் குறை சொன்னேன்: 115 கிரெய்ன் எடையுள்ள குண்டிலிருந்து 124-க்கும், அதிலிருந்து 147-க்கும் மாறினேன். அடுத்ததாக ட்ரிக்கரை மாற்றினேன். இறுதியில் பின்சைட்டை மூன்று தவணையாக வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளினேன். குண்டு கீழே விழுவதற்கு ஈடாகச் சற்று மேலே குறிவைக்கவும் பழகிக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நான் கூடத்தையே இடித்துக் கட்டினேன். அட்டையில் குண்டுகள் நடுவுக்கு வந்ததும், சிக்கல் தீர்ந்தது என்று எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

பின்சைட்டுக்கும் முன்சைட்டுக்கும் இடையே என் துப்பாக்கியில் சுமார் 16 சென்டிமீட்டர் இடைவெளி. பின்சைட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால், ஏழு கஜத்தில், அதாவது 6.4 மீட்டரில், குண்டு 4 சென்டிமீட்டர் நகரும். 20 கஜத்தில் அது 11 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இலக்கு அட்டையின் மார்பில் புள்ளி இழக்காத நடுவட்டத்தின் விட்டம் 8 அங்குலம். ஆரம் 10 சென்டிமீட்டர்தான். நடுவில் சரியாகக் குறிவைத்து, கை அசையாமல் சுட்டாலும் குண்டு வட்டத்துக்கு வெளியேதான் போகும். கையின் குறையோ ஒரு நாள் போல் மறுநாள் இருப்பதில்லை. களைப்பில் கூடும், பொறுமையாகச் சுட்டால் குறையும், ஒற்றைக் கையால் சுட்டால் வேறு திசைக்கே போகும். நிலையில்லாத ஒரு குறைக்கு நிலையான ஓர் ஈட்டை இரும்பில் அடித்து வைத்தால், எந்த நாளில் சரியாகச் சுடுகிறோமோ அந்த நாளில்தான் குண்டு தவறும்.

எனக்கு அந்த நாள் ஒரு போட்டியில் வந்தது. 12 கஜத்தில் ஓர் இலக்கு. அதன் வலப்பாதியை மறைத்துக்கொண்டு, விரித்த கை வரைந்த, சுடக்கூடாத அட்டை ஒன்று முன்னால் நின்றது. நடுவட்டத்தில் பாதிதான் வெளியே தெரிந்தது. கடினமான குறி என்பதால் மூச்சை நிதானப்படுத்தி, அந்தப் பாதியின் நடுவில் முன்சைட்டை வைத்து, ட்ரிக்கரை மெல்ல, ஒரே சீராக இழுத்தேன். அந்த ஆண்டு நான் சுட்டவற்றில் மிகச் சுத்தமான குண்டு அதுதான்; அது சுடக்கூடாத அட்டையின் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே துளையிட்டது. தண்டம் 5 விநாடி. பதற்றத்தில் வழக்கம்போல் வெட்டியிழுத்த இரண்டாம் குண்டு வட்டத்தின் கீழ்விளிம்பில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது.

எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒருவர் இரண்டு துளைகளையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போட்டி முடிந்த பின் தோட்டாக்களை அடுக்கும் என் மேகசினை வாங்கிக்கொண்டு போய், எனக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு இடையே வெடிக்காத சில டம்மி தோட்டாக்களைக் கலந்து நிரப்பிக் கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது முறை ட்ரிக்கரை இழுத்தபோது ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. குழாய்முனை இரண்டு விரற்கடை கீழே குத்தி, இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வெடித்திருந்தால் அந்தக் குனிவை உதைப்பு மறைத்திருக்கும். எட்டு மாதமாக அட்டை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே, சுத்தியலை எடுக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். நன்றாகச் சுடக்கூடிய ஒருவரிடம் உங்கள் துப்பாக்கியைக் கொடுத்து ஐந்து குண்டுகள் சுடச் சொல்லுங்கள். நீங்களும் மணல்மூட்டையில் கைகளை ஊன்றி ஐந்து குண்டுகள் சுடுங்கள். அவை நடுவில் விழுந்தால் சைட்டில் குறையில்லை. அடுத்து, பத்துத் தோட்டா மேகசினில் மூன்று நான்கு டம்மிகளை இன்னொருவர் கலந்து கொடுக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது முன்சைட் இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். குனிந்தால், வெற்றுத் துப்பாக்கியில் பத்து முறை மெதுவாக ட்ரிக்கரை இழுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். எனக்குக் கை ஓரளவு அடங்க மூன்று மாதம் பிடித்தது. நீண்ட நாள் சுடாமல் இருந்தால் இன்றும் முதல் டம்மியில் முனை லேசாகத் தலையாட்டுகிறது.

சுத்தியலோடு வந்த இளைஞரிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. டம்மி கலந்த ஒரு மேகசினை மட்டும் கொடுத்தேன். இரண்டாவது டம்மியிலேயே அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இரண்டு தட்டில் போன பின்சைட்டை நடுவுக்குக் கொண்டுவர ஐந்து தட்டு வேண்டியிருந்தது.

டைமரோடு மட்டும் போட்டி போடுவது

2017-க்கு முன் ஒரு புள்ளி இழந்தால் அரை விநாடி கூடும். அதன் பின் ஒரு முழு விநாடி. அந்தப் பழைய கணக்கை நம்பியே பலர் இன்னும் பயிற்சி செய்கிறார்கள். மேல்சட்டையை விலக்கித் துப்பாக்கியை எடுத்துச் சுடும் நேரத்தைக் கால் விநாடி குறைத்துவிட்டுக் குண்டை ஒரு புள்ளி இழக்கும் அடுத்த வளையத்தில் விட்டால், முக்கால் விநாடி நட்டம். மூன்று புள்ளி இழக்கும் வளையத்தில் விட்டால் கணக்கே வேண்டாம். வீட்டில் வெற்றுப் பயிற்சி செய்யும்போது இந்த ஏமாற்று இன்னும் எளிது. நேரம் முடிந்ததென்று டைமர் ஒலிக்கும் முன் ‘டிக்’ சத்தம் வந்துவிட்டால் வென்றதாக எண்ணிக்கொள்கிறோம். அந்த நொடியில் முன்சைட் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்ல முடியாத முறையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கைலியும் பனியனுமாகப் பயிற்சி செய்வது

இதையும் நானே செய்தேன். இரவில் பிள்ளைகள் தூங்கிய பின், கைலிமேல் பெல்ட்டைக் கட்டி, அதில் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) மாட்டிக்கொண்டு நூறு முறை துப்பாக்கியை உருவிப் பழகினேன். கை மின்னலாக வந்தது. போட்டியன்று முன்புறம் திறந்த மேலங்கியைப் போட்டு நின்றபோது, அதன் ஓரம் கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. துணியையும் சேர்த்துப் பிடித்தபடி துப்பாக்கியை நீட்டினேன். பார்த்தவர்கள் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். போட்டியில் அணியும் அதே மேலங்கி, அதே பெல்ட், அதே காலணியோடு பழகுங்கள். விரல்நுனிகளால் துணியை இடுப்புக்குப் பின்னால் தள்ளி, கை முழுதாகப் பிடியில் பதிந்த பிறகுதான் துப்பாக்கி மேலே வர வேண்டும்.

பயிற்சி அறையில் தோட்டா

இருக்கவே கூடாது. பயிற்சி முடிந்தது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, ‘கடைசியாக ஒரு முறை’ என்று திரும்ப எடுக்காதீர்கள்.

ஒரே வகை மேகசின் மாற்றம்

தோட்டா தீர்ந்து ஸ்லைடு பின்னால் நின்ற நிலையில் மேகசின் மாற்றுவதை மட்டுமே பலரும் பழகுகிறார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் தோட்டா மிச்சமிருக்கும் மேகசினைத் தரையில் விட்டு நகர்ந்தால் நடைமுறைப் பிழையென்று 3 விநாடி கூடும். பழைய மேகசினைக் கழற்றிச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ பத்திரப்படுத்தியபடி புதியதைச் செருகும் மாற்றத்தையும், பை எங்கே இருக்கிறது என்று கண் தேடாத அளவுக்குப் பழக வேண்டும்.

மறைவிடக் கோடு

மறைவிடத்தின் எல்லையாகத் தரையில் போட்ட கோட்டைக் கால் தாண்டினால் உங்கள் குறி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. வீட்டுத் தரையில் ஒட்டுநாடா போட்டுப் பழகுங்கள்.

இடக்கையை மறப்பது

ஒற்றைக் கையால் சுடச் சொல்லும் சுற்று எந்தப் போட்டியிலும் வரலாம். அறிவிப்பைப் படித்ததும் முகம் வாடுபவர்கள், 50 தோட்டாக்களோடு பயிற்சிக்கு வந்து ஐம்பதையும் இரு கைகளால் சுட்டுவிட்டுப் போனவர்கள்தாம். பத்தை வலக்கைக்கு மட்டும், பத்தை இடக்கைக்கு மட்டும் ஒதுக்குங்கள். அவற்றைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே, கை களைப்பதற்கு முன் சுட்டுவிடுங்கள்.