மாஸ் எஃபெக்ட் 2: கடைசிப் பயணத்தில் ஆள் சாவது எதனால்

2007, 2010, 2012 என்று தனித்தனியாக வந்த மாஸ் எஃபெக்ட் விண்வெளிக் கேம்கள் மூன்றையும் சேர்த்து 2021இல் லெஜெண்டரி எடிஷன் வந்தது. அதை இறக்க 120 ஜிபி இடம் வேண்டும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பையன்கள் இரவு டேட்டாவைப் போட்டு, நாள் கணக்கில் காத்திருந்து இறக்குகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு இரண்டாம் கேமின் முடிவுக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் சொல்வது ஒன்றுதான்: "கேம் ஏமாத்துது அண்ணே, நெனச்ச ஆள கொல்லுது."

ஏமாற்றவில்லை. எதிரிகளான கலெக்டர்களின் தளத்துக்குக் குழுவோடு போகும் அந்தக் கடைசிப் பயணத்தில் விழும் ஒவ்வொரு உயிருக்கும் கணக்கு இருக்கிறது. சுடுவது, மறைவில் நிற்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதல் இரண்டு மணி நேரத்தில் கேமே கற்றுக்கொடுத்துவிடும்.

கப்பலைப் பலப்படுத்தாமல் போவது

உங்கள் கப்பலான நார்மண்டிக்கு வேண்டியவை மூன்று. கவசம் பற்றி உங்கள் குழுவில் இருக்கும் ஜேக்கப் சொல்வார், கேடயம் பற்றி டாலி சொல்வாள், தேனிக்ஸ் பீரங்கி பற்றி கேரஸ் சொல்வான். ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசினால்தான் இந்தப் பேச்சே வரும். கவசம் இல்லாவிட்டால் ஜாக் சாவாள். மற்ற இரண்டும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் போகும்.

இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம், கோள்களைத் தடவித் தாது எடுக்கும் சலிப்பு. ஒரே கோளைக் கடைசிப் பொட்டு வரை சுரண்டினால் சலிக்கத்தான் செய்யும். 'ரிச்' என்று காட்டும் கோள்களில் மட்டும் இறங்குங்கள். கோடு உயரமாக எழும் இடத்தில் புரோப் கருவியை விட்டு, அது தாழத் தொடங்கியதும் அடுத்த கோளுக்குப் போய்விடுங்கள். பிளாட்டினத்தைக் கண்டால் விடாதீர்கள். பீரங்கிக்கு அதுதான் வேண்டும்.

விசுவாச மிஷனை முடித்தாலே போதும் என்று நினைப்பது

குழுவில் ஒவ்வொருவரின் சொந்தப் பிரச்சினையையும் தீர்த்துவைக்கும் வேலைதான் விசுவாச மிஷன். அதை முடித்தும் விசுவாசம் கிடைக்காமல் போகலாம். தேய்னின் வேலையில் பின்தொடரும் ஆளைத் தவறவிட்டால் தோல்விதான். ஸயீதின் வேலையில் தொழிலாளர்களைக் காப்பாற்றப் போனால், பிறகு அவனைப் பேசி வழிக்குக் கொண்டுவரும் அளவுக்கு பாரகன் (நல்லவழி) புள்ளி வேண்டும். மிராண்டாவும் ஜாக்கும் மோதுவார்கள், டாலியும் லீஜியனும் மோதுவார்கள். புள்ளி குறைவாக இருந்தால் இருவரில் ஒருவரை இழப்பீர்கள். அதனால் பாரகனா ரெனிகேடா (முரட்டு வழியா) என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்து அந்தப் பக்கமே நில்லுங்கள்.

ஆள் கடத்தப்பட்ட பிறகு ஊர் சுற்றுவது

மற்ற எந்தத் தவறையும் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் இன்றைக்கும் கோபம் வருகிறது.

செயலிழந்த ரீப்பர் என்ற ராட்சத எந்திரக் கப்பலுக்குள் போய், ஒமேகா 4 ரிலே என்ற விண்வாசலைப் பத்திரமாகக் கடக்க உதவும் ஐஎஃப்எஃப் கருவியை எடுத்துவந்த கொஞ்ச நேரத்தில் கலெக்டர்கள் நார்மண்டியைத் தாக்கி, கப்பல் பணியாளர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நொடியிலிருந்து நீங்கள் செய்யும் மிஷன்களை கேம் எண்ணுகிறது. ஒன்றும் செய்யாமல் நேரே ஒமேகா 4 ரிலேக்குள் போனால் அத்தனை பேரையும் உயிரோடு மீட்கலாம். ஒன்று முதல் மூன்று வரை செய்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். மூன்றுக்கு மேல் போனால் மிஞ்சுவது டாக்டர் சாக்வாஸ் மட்டும்.

கொட்டகலைப் பையன் ஒருவன் கடத்தல் நடந்ததும் "இன்னும் லெவல் ஏத்திக்கிட்டுப் போவோம்" என்று நான்கு சின்ன மிஷன்களை முடித்தான். கலெக்டர் தளத்துக்குள் போனால், கண்ணாடிக் கூட்டுக்குள் கெல்லி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கடிதம் வந்திருக்கிறது என்று தினமும் சொன்னவள், அறைத் தொட்டியில் இருந்த மீன்களுக்கு இரை போட்டவள். அவன் கண் முன்னாலேயே தோல் கரைந்து குழம்பாகிப் போனாள். திரும்பிப் போய்ச் சரிசெய்யப் பழைய சேவ் கோப்பும் இல்லை.

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த வகைக் கேம்களில் பெரும்பாலும் "உலகம் அழியப்போகிறது, ஓடி வா" என்பார்கள். பத்து நாள் கழித்துப் போனாலும் உலகம் அப்படியே இருக்கும். இந்தக் கேமிலும் முப்பது மணி நேரம் அப்படித்தான். உங்களுக்கு வேலை தரும் இல்லூசிவ் மேன் அவசரம் அவசரம் என்பார், ஆனால் எந்தக் கடிகாரமும் ஓடாது. அதனால் புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கடிகாரமே இல்லாத இடத்தில் அவர் பேச்சைக் கேட்டு ஐஎஃப்எஃப் எடுக்க ஓடுகிறார்கள், கடிகாரம் ஓடும் இடத்தில் உலாத்துகிறார்கள். பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபெக்டரிக்குப் போக வேண்டும், சாக்கில் கட்டி வைத்தால் வெந்துவிடும் என்பது நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இதுவும் அதே கணக்குத்தான். பறிப்பதற்கு முன் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுங்கள், பறித்த பிறகு நிற்காதீர்கள்.

வரிசை இதுதான். ஐஎஃப்எஃப் மிஷனைத் தொடுவதற்கு முன்பே ஆள் சேர்ப்பு, கப்பல் வேலை, லீஜியன் தவிர்ந்த எல்லோருடைய விசுவாச மிஷன் ஆகிய அனைத்தையும் முடியுங்கள். ஐஎஃப்எஃப் எடுத்ததும், அங்கே கிடைத்த எந்திரன் லீஜியனை உடனே எழுப்புங்கள். அடுத்து அவனுடைய விசுவாச மிஷன். டாலியோடு வரும் சண்டையைத் தீர்த்துவையுங்கள். கடத்தல் நடந்ததும் ரிலே. மிச்சமிருக்கும் சின்ன மிஷன்களும் ஷேடோ புரோக்கர் என்ற கூடுதல் கதையும் எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் ஆடும் ஷெப்பர்ட் உயிரோடு திரும்பினால் எல்லாவற்றையும் பிறகு விளையாடலாம்.

ஒரே சேவ் கோப்பை நம்புவது

இடி மின்னல் மாதத்தில் பின்னேரமானால் கரண்ட் போகும். சேவ் ஏறும் நொடியில் போனால் கோப்பு கெட்டுவிடும். மூன்று இடத்தில் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐஎஃப்எஃப்புக்கு முன் போட்ட சேவ் கோப்பை மட்டும் அழிக்கவே வேண்டாம்.

குழாய்க்குள் ஜேக்கப்பை அனுப்புவது

கலெக்டர் தளத்தின் கதவைத் திறக்க ஒருவர் குழாய்க்குள் போக வேண்டும். ஜேக்கப் தானாக முன்வருவார். அனுப்பாதீர்கள். விசுவாசமான டாலி, லீஜியன், கசூமி, இவர்களில் ஒருவர்.

தடுப்பு அரணுக்கு மிராண்டா

பூச்சிக் கூட்டத்தைத் தடுத்து அரண் பிடிக்க ஒருவர் வேண்டும். எந்த பயோட்டிக்கும் (மனசக்தி உள்ளவர்) இதைச் செய்யலாம் என்று மிராண்டாவே சொல்வாள். நம்பினால் கூட வரும் ஒருவர் சாவார். கத்தி பிடிக்கத் தெரிந்தவரையெல்லாம் கவ்வாத்துக்கு அனுப்புவதில்லை. ஜாக் அல்லது சமாரா, விசுவாசத்தோடு. இரண்டாம் குழுவுக்குத் தலைமை தாங்கத்தான் மிராண்டா பொருத்தம். கேரஸ், ஜேக்கப்பும் அதற்குச் சரி.

பலசாலிகளைக் கூட்டிக்கொண்டு போவது

மீட்ட பணியாளர்களோடு ஓர் ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். மோர்டினை அனுப்புங்கள். கடைசி எதிரியிடம் இரண்டு பேர் உங்களோடு வர, மற்றவர்கள் வாசலைக் காப்பார்கள். விசுவாசமான கிரன்ட், ஸயீத், கேரஸ் மூவருக்கும் காவல் பலம் தலா 4 புள்ளி. ஜாக், டாலி, கசூமி, மோர்டின் தலா 1. மற்றவர்கள் தலா 2. விசுவாசம் இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் 1 குறையும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் நின்றால் சராசரி 2 இருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரும் விசுவாசமாக இருக்கிறார்கள், மோர்டின் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய எதிரி என்று பயந்து கேரஸையும் கிரன்டையும் கூட்டிக்கொண்டு போனால், வாசலில் ஒன்பது பேருக்கு மொத்தம் 17 புள்ளி. சராசரி 1.89. ஒருவர் சாக வேண்டும், மோர்டின் இல்லாதபோது சாகும் வரிசையில் முதலில் நிற்பது டாலி. மாறாக டாலியையும் ஜாக்கையும் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் 23 புள்ளி, சராசரி 2.56. ஒருவரும் விழமாட்டார்கள். டாலி இல்லாத சேவோடு மூன்றாம் கேமுக்குப் போனால், ரன்னாக் கோளில் டாலியின் இனமான குவாரியன்களையும் எந்திர இனமான கெத்தையும் சமாதானமாக்க வழியே இல்லை. இரண்டில் ஓர் இனம் அழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.