தறிக்கூடத்துக்கு எந்தக் கேமரா? வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கும் மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) போதுமா, சினிமா கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பதுதான். விலைப்பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, எடுக்கப்போகும் இடத்தின் வெளிச்சத்தையும் அசைவையும் பாருங்கள். அவையே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

வாசலில் தொடங்குங்கள். உச்சி வெயில் அடிக்கும் களத்தைப் பின்னால் வைத்து, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரைத் தறிக்கூடத்தின் வாசல் நிலைக்கு உட்புறமாக நிறுத்திப் பதிவு செய்யுங்கள். வேட்டியின் மடிப்புகளும் நிழலிலுள்ள முகமும் ஒரே காட்சியில் தெரிகின்றனவா என்பதே சோதனை. 2022இல் வந்த ஆரி அலெக்ஸா 35 கேமரா 17 ஸ்டாப் ஒளி வேறுபாட்டைத் தாங்கும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. ஒரு ஸ்டாப் கூடுவதென்றால் வெளிச்சம் இரட்டிப்பாவதாகப் பொருள். மலிவான மிரர்லெஸ் கேமராக்கள் நடைமுறையில் இதைவிடப் பல ஸ்டாப்கள் பின்தங்குவதால், வெளியிலுள்ள களம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஆனால் அவரை இரண்டடி வெளிப்பக்கம் நகர்த்தியோ, முகத்துக்கு ஒரு தெர்மாகோல் பலகையால் ஒளியைத் திருப்பியோ இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்ய முடியும் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சினிமா கேமராவுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

உள்ளே போனபின் சிக்கல் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஆகவே நொடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். 1/60இல் வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் எப்படி மினுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. முதல் நாளே அங்கு போய் எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. அடுத்தது தறியின் நாடா, அதாவது ஊடு நூலோடு குறுக்கே ஓடும் கட்டை. பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் நாடா நகர்ந்துவிடுவதால் அது சாய்ந்து தெரியும், கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண்களும் சாயும். சினிமா கேமராக்களிலும் பெரும்பாலானவை வரிவரியாகவே படித்தாலும், அவற்றின் வேகம் அதிகம். ரெட் கோமோடோ போன்ற சில, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்கின்றன. தறியின் அசைவே உங்கள் படத்தின் உயிர் என்றால், வாடகைக்கு எடுக்க இதுவே உறுதியான காரணம் என்பேன்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது பிட் ஆழம். 8 பிட் பதிவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1,024. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் குவியலின் மீது நிழல் மெல்ல இறங்கும் இடத்தை 8 பிட்டில் லாக் முறையில் (பிறகு திருத்துவதற்கென நிறத்தை மங்கலாகப் பதியும் முறை) எடுத்து, பிறகு நிறத்தை இழுத்துத் திருத்தினால் படிக்கட்டு போலக் கோடுகள் தோன்றக்கூடும். 8 பிட் கேமரா வைத்திருப்பவர்கள் லாக்கைத் தவிர்த்து, எடுக்கும்போதே நிறத்தைச் சரியாக அமைத்துக்கொள்வது நல்லது. 10 பிட் இன்று எட்டாக் கனியும் அல்ல: 2017இல் வந்த பானசோனிக் ஜிஎச்5 அதைக் கேமராவுக்குள்ளேயே பதிவு செய்தது, பழைய கேமராவாக வாங்குவோர் அதைப் பரிசீலிக்கலாம்.

வெயிலில் எடுப்பவர்கள் லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. வடிகட்டியை மறக்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் 1/50 என்று வைத்துப் பொள்ளாச்சித் தோப்புக்கு வெளியே நண்பகலில் லென்ஸ் திறப்பை எஃப் 5.6இல் வைத்து எடுக்க, ஏறத்தாழ ஏழு ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். சினிமா கேமராக்கள் பலவற்றில் வடிகட்டி உள்ளேயே இருக்கும். மிரர்லெஸ் கேமராவுக்குத் தனியே வாங்கி லென்ஸில் திருக வேண்டும்.

தறிக்கூடம் அல்லாமல் கல்யாணத்தை எடுப்பதென்றால் நான் மிரர்லெஸ் கேமராவையே சொல்வேன். கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீரும் மற்ற சீர்களும் நெருக்கமான கூட்டத்துக்கு நடுவே நடக்கின்றன. அங்கே தானாக முகத்தைத் தொடரும் போகஸ் பேருதவி. சினிமா கேமராவுக்கோ பெரும்பாலும் போகஸைக் கையால் மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள், கனமான பேட்டரிகள், நிற்க இடம் என எல்லாம் தேவை. ஆனால் சில மிரர்லெஸ் கேமராக்கள் அரை மணி நேரத்துக்குள் பதிவை நிறுத்திவிடும், சில சூடாகி அணைந்துவிடும். ஆகவே வாங்குமுன் கடையிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேமிப்பையும் கணக்கில் சேருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி. அதே 4கே காட்சியை நொடிக்கு 25 பிரேமில் குறைவாகச் சுருக்கிப் பதியும் புரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் எடுத்தால் சுமார் 330 ஜிபி. வாடகை பேசும்போது கார்டுகளும் பேட்டரிகளும் உதவியாளரின் சம்பளமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள்; பதிவை இரண்டு இடங்களில் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவையும் கூட்டுங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே பேட்டி எடுக்க எந்தக் கேமராவின் மைக்கும் உதவாது. சட்டையில் பொருத்தும் மைக்குக்கு முதலிலேயே பணம் ஒதுக்கி, பேட்டியை மட்டும் தறி நிற்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.